கவிழ்க்கக் கூடாத புட்டிங்

என் வயசுக்காரர்களே, கழுவின பாத்திரத்தை உங்கள் வீட்டில் எப்படி வைப்பார்கள்? தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்துத்தானே? ரங்கூனில், தாகேதாவில், எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் சட்டி, பானை, டம்ளர் எல்லாம் ஒருக்களித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் காயவே காயாது. டம்ளரை எடுத்தால் அடியில் ஒரு வாய்த் தண்ணீர், அதில் ஒரு கொசு. விளையாட வருகிற பிள்ளைகள், "உங்க வீட்டுச் சாமானுக்கெல்லாம் காய்ச்சலா? படுத்தே கிடக்குதே?" என்று கேலி பண்ணுவார்கள். எனக்கு அழுகையாக வரும்.

எல்லாம் மாமியால். மாமி என்றால் வாப்பாவின் அக்கா, வாப்பா அவளை லாத்தா என்று கூப்பிடுவார். எங்களோடுதான் இருந்தாள். ஆம்பளை கடலில் இருக்கிற வீட்டில் எதையும் கவிழ்க்கக் கூடாது, இங்கே பாத்திரம் கவிழ்ந்தால் அங்கே கப்பல் கவிழும். கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்த எங்கள் ஆட்களிடம் இருந்த பழைய பயம் அது. மற்ற வீடுகளில் தேய்ந்து போயிருந்தது, மாமியிடம் தேயவில்லை. மாமா கல்யாணமான வருஷமே கடலோடு போனவர் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வாப்பா சரக்குக் கப்பலில் இரண்டாவது சமையல்காரர். ஆகவே வருஷத்தில் பத்து மாசம் எங்கள் வீட்டில் எதுவும் கவிழாது.

நான் சொல்லப் போகிற மழைக்காலம் எண்பத்தெட்டுக் கலவரம் கழிந்து இரண்டாவது வருஷம். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன், வயசில் ஒன்று கூடக் குறைய இருந்தால் சண்டைக்கு வராதீர்கள்.

வாப்பா மாசம் ஒரு கடிதம் போடுவார். அந்த வருஷம் நோன்புக்கு முன்னால், கடிதத்துக்குப் பதில் ஒரு கேசட் வந்தது. ஊர் திரும்பிய ஒரு கப்பல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு சரி. ஒரு மாசம், இரண்டு மாசம், நாலு மாசம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே உம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

கேசட்டின் முதல் பக்கம் சலாமும் நலம் விசாரிப்பும். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரு பலகாரம். அவர் கப்பலில் தலைமைச் சமையல்காரர் பெரு நாட்டுக்காரர். அந்த ஆள் செய்கிற கேரமல் புட்டிங்கை முந்தின லீவில் வந்தபோது வாப்பா எங்களுக்குச் செய்து தந்திருந்தார். கெட்டிப் பால் ஒரு டின், இனிப்பில்லாத பால் ஒரு டின், முட்டை ஆறு, வெண்ணிலா, அச்சின் அடியில் கருக்கி ஊற்றிய சீனி. அவித்து, ஆறவைத்து, தட்டில் கவிழ்த்தால் தலையிலிருந்து பழுப்புப் பாகு வழிந்துகொண்டு தளதளவென்று உட்காரும். அந்த நாட்டில் அதற்குப் பெயரே கவிழ்த்த கிரீம் என்றுதானாம். நாங்கள் கப்பல் புட்டிங் என்றோம். ஆள் வீட்டில் இருந்ததால் அன்றைக்கு மாமி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துண்டு வாங்கித் தின்றாள்.

அதை நான் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் வாப்பா கேசட்டில் பேசியிருந்தார். பின்னால் கப்பல் இயந்திரம் உறுமும், யாரோ சட்டியைத் தட்டுவார்கள், நடுவில் அந்தப் பெருக்காரர் ஏதோ கத்துவார், வாப்பா சிரிப்பார். கடைசியில், "நல்லா ஆறிருச்சா மவளே? கத்தியால ஓரத்தை நெம்பி விட்டுட்டு, தட்டை மேல வச்சு, பயப்படாம..." என்று வரும். அங்கே டக்கென்று மாமி பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவாள்.

ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும். கடலில் இருக்கிற ஆள் தன் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொல்வதைக் கேட்கக் கூடாதாம். கேசட் அவள் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். பிளேயர் அவள் மடியில். அதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது, கவிழ்த்துத் தின்னச் சொல்வார், அவ்வளவுதானே என்று உம்மாவும் விட்டுவிட்டாள். நானும்தான்.

ஆனி மாசம் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. பழைய சரக்குக் கப்பல் ஒன்று எங்கோ புயலில் போய்விட்டதாம், அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்களாம். எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். உம்மா அடுப்பில் இருந்த குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், அது அடிப்பிடித்துத் தீய்ந்தும் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

வாப்பாவைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட்டின் ஆபீஸ் லத்தா பேட்டையில், சீனக் கடைகளுக்கு மேலே மாடியில் இருந்தது. வீடும் அங்கேயேதான், ஒரு சுவர் தாண்டி. உம்மா மூன்று தரம் போய் பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள். மூன்று தரமும் ஒரு குமாஸ்தா வந்து, "தகவல் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார். கப்பல் கம்பெனிக்குத் தந்தி அடித்துக் கேட்க ஏஜென்ட் ஒருவரால்தான் முடியும், அவரோ பெஞ்சில் இருப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

"வெறுங்கையோட போனா வாசல் பெஞ்சுதான் மதினி" என்றாள் உம்மா.

"அதுக்கு? பழம் வாங்கிட்டுப் போயேன்."

"பழம் எல்லாரும் கொண்டு போறாங்க. யார் கொடுத்ததுன்னு கூடப் பாக்காம உள்ள போயிருது. யாரும் கொண்டு போகாததைக் கொண்டு போகணும்." உம்மா என்னைப் பார்த்தாள். "கப்பல் புட்டிங்."

மாமியின் முகம் சுருங்கியது. "எங்க வச்சுக் கவுப்பே?"

அதுதான் கேள்வி. சாயங்காலம் மாமியே வழி சொன்னாள். "அச்சோட கொண்டு போங்க. அந்த வீட்டுல அவங்க கையால கவுத்துக்கட்டும். அவங்க ஆம்பளை கடல்ல இல்ல, நாற்காலியிலதானே இருக்கான்?" மாமிக்கு வாய் அப்படி.

சாமான் சேர்ப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த நாளில் பால் டின் என்ன தெருமுனையிலா கிடைத்தது? லத்தா சந்தையில் உம்மா நாலு கடை ஏறி இறங்கி இரண்டு சோடி டின் வாங்கினாள். முட்டை மாவ்பியிலிருந்து வரும் ஒரு கூடைக்காரியிடம். அச்சு வீட்டிலேயே இருந்தது, வாப்பா கொண்டுவந்தது. வட்டமான அலுமினிய அச்சு, நடுவில் குழாய் மாதிரி எழும்பியிருக்கும், ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பிற்காலத்தில் வீடு மாறும்போது அது எங்கேயோ தொலைந்தது. இன்றைக்கும் பாத்திரக் கடையில் அந்த வடிவத்தைக் கண்டால் கை தானாக எடுத்துத் திருப்பிப் பார்க்கும்.

முதல் தரம் பாழ். கேசட்டைப் போட்டுக்கொண்டு செய்தோம். வாப்பா சொல்லச் சொல்ல உம்மா சீனியைக் கருக்கினாள், நான் முட்டையை நுரை வராமல் கலக்கி மெல்லிய துணியில் வடிகட்டினேன். அச்சை வெந்நீர்ப் பானைக்குள் இறக்கி மூடினோம். "இப்ப முக்கியமான விஷயம் ஒண்ணு, தண்ணி..." என்று வாப்பா ஆரம்பித்தார், கரண்ட் போய்விட்டது. ரங்கூன் கரண்ட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தண்ணி நன்றாகக் கொதிக்கணும் என்றுதான் சொல்ல வந்திருப்பார் என்று உம்மா கரியை அள்ளிப் போட்டு விசிறினாள். பானை தடதடவென்று ஆடியது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் புட்டிங் முழுக்க ஓட்டை, பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி. பாகு கசந்தது. ராத்திரி கரண்ட் வந்ததும் வாப்பா சாவகாசமாகச் சொன்னார், "தண்ணி கொதிக்கவே கூடாது."

உம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மாமி பிளேயரை நிறுத்தி, முந்தானையால் அதைத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தாள்.

மிச்சம் ஒரு சோடி டின். இனி தப்பினால் வேறு கிடையாது. நான் கேசட்டை, மாமி நிறுத்துகிற இடம் வரைக்கும், மனப்பாடம் பண்ணினேன். குர்ஆன் பாடம் கூட நான் அப்படி ஓதியதில்லை. மறுநாள் காலையில் கரி அடுப்பின் முன்னால் நான் நின்று வாப்பாவின் குரலில் சொன்னேன், உம்மா செய்தாள். சீனி முதலில் உருகி, பொன்னாகி, கடுந்தேநீர் நிறம் வந்ததும், "இப்ப இறக்கு, இனிமே ஒரு நிமிஷம் அதிகம்" என்றேன். பாகை அச்சின் ஓரமெல்லாம் சுழற்றினோம். பாலை ஊற்றி, ஆவித் தண்ணீர் சொட்டாமல் அச்சு வாயில் துணி கட்டி இறக்கினோம். தண்ணீர் கொதிக்கப் பார்க்கும், நான் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் விடுவேன். மறுபடி பார்க்கும், மறுபடி விடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன். குத்திப் பார்த்த ஈர்க்குச்சி ஒட்டாமல் சுத்தமாக வந்தது. ஐஸ் கடையிலிருந்து ஒரு கட்டி வாங்கி, பேசினில் போட்டு அதன்மேல் அச்சை வைத்துக் குளிர்வித்தோம்.

பஸ்ஸில் உம்மா மடியில் அச்சு, நான் குடை. பசுண்டவுங் ஓடைப் பாலத்தில் பஸ் குதித்த ஒவ்வொரு குதிப்புக்கும் உம்மா, "யா அல்லா, யா அல்லா" என்றாள். பக்கத்தில் இருந்த பர்மாக்கார அம்மா உள்ளே என்ன என்று கேட்டதற்கு உம்மா அச்சை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. கையில் பாத்திரம் இருந்ததால் குமாஸ்தா வீட்டுப் பக்கம் அனுப்பினார். ஏஜென்ட்டின் மனைவி நல்ல பட்டு லுங்கி கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். ஏஜென்ட் வெளியே கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். உம்மா பர்மியில் எல்லாம் சொன்னாள். இது கப்பலில் செய்கிற பலகாரம், என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது, நாலு மாசமாகத் தகவல் இல்லை, ஸயா ஒரு தந்தி அடித்துக் கேட்டால் போதும். ஸயா என்றால் பர்மியில் ஐயா.

அந்த அம்மா துணியை அவிழ்த்தாள். மேலே வெளிறிப்போன மஞ்சள், சுருங்கின தோல், ஓரத்தில் ஒரு கருப்புக் கோடு. "இது என்ன, முட்டை அவித்ததா?" என்றாள்.

"இல்லைங்க, தட்டில் கவிழ்க்கணும். நீங்கதான் கவிழ்க்கணும்."

"நானா? ஐயே, மேஜைத் துணியெல்லாம் போகும். நீங்களே கவிழ்த்துக் காட்டுங்களேன்."

உம்மா அச்சில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். அவளால் முடியவில்லை. அந்த அம்மா உம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏஜென்ட் கதவைத் திறந்துவிட்டார், ஒரு கால் வெளியே. அவர் போனால் மறுபடி பெஞ்சுதான், அடுத்த வாரம்தான், இந்த டின்னும் இல்லை. எனக்கு அந்த நொடியில் மாமி நினைவுக்கு வராமல் இல்லை, வந்தாள். மாமி வந்தாள், கப்பல் வந்தது, எல்லாம் வந்தது. நான் மேஜைக் கத்தியை எடுத்து ஓரத்தை நெம்பி விட்டேன். தட்டை மேலே வைத்தேன். ஒரே கவிழ்ப்பு.

பொதக் என்று ஒரு சத்தம். அச்சைத் தூக்கினேன். ஒரு ஓட்டை இல்லை, ஒரு விரிசல் இல்லை. பாகு நாலு பக்கமும் வழிந்து தட்டு நிறைந்தது.

"அட!" என்றாள் அந்த அம்மா. ஏஜென்ட் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டு தின்றார், இன்னொன்று கேட்டு வாங்கினார், மூன்றாவது துண்டின்போது, "எந்தக் கப்பல்?" என்றார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு எங்கள் கண் முன்னாலேயே தந்தி வாசகம் எழுதச் சொன்னார். பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றார்.

மாடிப்படி இறங்கும்போது உம்மா என் கையை எலும்பு நோகப் பிடித்தாள். "மாமிகிட்ட மூச்சு விடாதே. அவங்கதான் கவுத்தாங்கன்னு சொல்லிரு" என்றாள். என்னைத் திட்டு வாங்காமல் காப்பாற்றுவதாக அவள் நினைப்பு. அதோடு என்னைத் தனியாக விட்டுவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆறு நாள் நான் பட்ட பாடு! மழை விடாமல் கொட்டியது. சந்தில் தண்ணீர் ஏறினால் வாப்பா கப்பலிலும் ஏறுகிறது என்று நினைப்பேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பொதக் சத்தம். வாப்பாவை நான்தான் கொன்றுவிட்டேன் என்றே முடிவு பண்ணிவிட்டேன். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. உம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். மாமி என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். பகல் தொழுகை நேரம்.

"மாமி, நான்தான் கவுத்தேன்" என்றேன்.

துணி நெற்றியிலேயே நின்றது. அறைவாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. பிறகு மாமி பேசினாள், எனக்குச் சொல்கிற மாதிரியே இல்லை.

"எனக்குக் கல்யாணமாகி ஏழாம் மாசம். உங்க மாமா மெர்குய்க்குச் சரக்குப் படகுல போயிருந்தாரு. சோத்துப் பானையக் கழுவி முத்தத்துல கவுத்து வச்சேன். மூணாம் நாள் சேதி வந்துச்சு. என் மாமியா அந்தப் பானையக் காட்டிச் சொன்னா, நீ கவுத்தது பானையில்லடி, என் புள்ளையன்னு. எனக்குப் பதினேழு வயசு. இல்லன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல."

நான் கண்ணைத் திறந்தேன். மாமி எழுந்து சமையலறைக்குப் போனாள். பலகையிலிருந்து பெரிய சோற்றுப் பானையை எடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று தரையில் கவிழ்த்தாள். அடுத்து குழம்புச் சட்டி. அடுத்து டம்ளர்கள், ஒவ்வொன்றாக, ஆறும். கிண்ணம், குண்டான், தண்ணீர்ச் செம்பு, வாப்பாவின் தேநீர்க் கோப்பை. உதடு வெளுத்துப்போய், வேர்த்து வழிய, கவிழ்த்துக்கொண்டே வந்தாள். தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நாள் அது, மறந்துவிடாதீர்கள். கடைசியில் புட்டிங் அச்சை எடுத்து எல்லாவற்றுக்கும் நடுவில் கவிழ்த்தாள்.

"இந்தா. இப்ப எது உன் கை, எது என் கை? நாளைக்கு எந்தச் சேதி வந்தாலும், கவுத்தது மாமின்னு சொல்லு. நீ இல்ல. கேட்டியா? நீ இல்ல."

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினேன். இத்தனை நாள் அவளைப் பிடிவாதக்காரி, பயந்தாங்கொள்ளி என்று மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

அதற்கப்புறம் மாமி பிளேயரை எடுத்துவந்தாள். இனி எதற்குப் பயம் என்று நினைத்திருப்பாள். பொத்தானை அமுக்கினாள். நிறுத்திய இடத்திலிருந்து வாப்பா பேசினார். "...பயப்படாம ஒரே கவுப்பா கவுத்துரு மவளே." மாமி பொத்தான் பக்கம் போகவில்லை. இயந்திரம் உறுமியது. வாப்பா தொண்டையைச் செருமினார்.

"லாத்தா, நீயும் கேட்டுக்கிட்டுதான் இருப்பே. உனக்கு மனசு வரலன்னா கவுக்க வேணாம். அச்சுலயே கரண்டி போட்டுத் தின்னுங்க, ருசி ஒண்ணுதான். ஆனா ஒண்ணு சொல்றேன் லாத்தா. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. மச்சான் போனது உன் பானையால இல்ல. படகு பழசு. எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் யாரும் சொல்லல."

டக்கென்று பக்கம் முடிந்தது. நாலு மாசமாக அது அவள் தலையணைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. மாமி கவிழ்ந்த பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். மருந்தோடு வந்த உம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்கு அந்தக் கடைசிப் பேச்சை எத்தனை தரம் போட்டோம் என்று கணக்கில்லை. பிற்பாடு ஒரு மழையில் நாடா பூஞ்சை பிடித்துக் கேசட்டே வீணாகிவிட்டது, எனக்கு அது தேவையும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தெரியும்.

நாலு நாள் கழித்து லத்தாவிலிருந்து ஆள் வந்தது. கப்பல் மூழ்கவில்லை. கம்பெனிச் சண்டையில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே பிடித்துவைத்திருந்தார்கள், கரையிறங்க விடவில்லை, கடிதம் போட வழியில்லை. குளிர்காலத்தில் வாப்பா வந்தார், பாதி ஆளாக இளைத்து.

வந்த மூன்றாம் நாள் அவரே புட்டிங் செய்தார். ஐஸில் குளிர்ந்த அச்சின் மேல் தட்டை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கவிழ்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார். கேசட்டைக் கடைசி வரைக்கும் கேட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. மாமி பலகையில் கவிழ்ந்திருந்த ஆறு டம்ளரில் ஒன்றை நிமிர்த்தித் தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு மறுபடி கவிழ்த்தாள்.

"என்னத்தப் பாக்குற? கவு."